கூலியை அப்போதே கொடுங்கள்: நாய் வளர்ப்போர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசியில் ஒரே வரி இருந்தது: "சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்குது." நாயிடம் என்ன சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள், அது செய்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது மட்டும் பெரும்பாலான கடிதங்களில் இல்லை. எனக்கு அந்த மூன்றும்தான் வேண்டும். அடுத்த முறை எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் பிறந்து வளர்ந்தது ராஜபாளையத்தில். அப்பாவின் தொழுவத்தில் மாடுகளோடு எப்போதும் நாலைந்து நாய்கள் இருக்கும். 22 வருடமாக மதுரையில் குட்டிகளுக்கும் வளர்ந்த நாய்களுக்கும் பழக்க வகுப்பு எடுக்கிறேன்.

எங்கள் லாப்ரடார் குட்டிக்கு 10 வாரம். கை, கால், புடவைத் தலைப்பு எல்லாவற்றையும் கடிக்கிறது. ஆறு வயது மகளின் பாவாடையைப் பிடித்து இழுக்க, அவள் அலறிக்கொண்டு ஓடுகிறாள். "மூக்கில் ரெண்டு தட்டு தட்டு, அடங்கிரும்" என்கிறார் என் மாமனார். தட்டலாமா?
- வாசகி, சென்னை

தட்ட வேண்டாம். மூக்கில் அடி வாங்கிய குட்டிக்கு ஒன்றுதான் மனதில் பதியும்: இந்தக் கை முகத்துக்கு நேரே வந்தால் ஆபத்து. நாளைக்கு மருந்து கொடுக்கவோ காது துடைக்கவோ அதே கையைத்தான் நீங்கள் நீட்ட வேண்டும்.

பத்து வாரக் குட்டிக்கு வாய்தான் கை. கூடப் பிறந்த குட்டிகளோடு இருந்தவரை ஒன்றையொன்று கடித்துத்தான் விளையாடியிருக்கும். ஒன்று அழுத்திக் கடித்துவிட்டால் கடிபட்டது கீச்சென்று கத்திவிட்டு விலகிப் போய்விடும். ஆட்டம் அதோடு நின்றுவிடும். எவ்வளவு அழுத்தினால் ஆட்டம் போய்விடும் என்பதைக் குட்டி இப்படித்தான் தெரிந்துகொள்கிறது. பாதியில் நின்ற அந்தப் பாடத்தை இப்போது நீங்கள் தொடர வேண்டும்.

பல் பட்டவுடன் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் எலி ஓடுகிற மாதிரி அதற்கு இன்னும் குஷி. கையைத் தளர்த்தி அப்படியே வையுங்கள். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். மனதுக்குள் இருபது எண்ணிவிட்டுத் திரும்பி வந்து கடிப்பதற்கென்று உள்ள ஒரு பொருளை நீட்டுங்கள். பழைய துண்டை முடிச்சுப் போட்டு நனைத்து ஃப்ரீசரில் வைத்தால் அருமையான பொருள் அது. குட்டி அதைக் கவ்விய நொடியில் கொஞ்சுங்கள், கூடவே விளையாடுங்கள். ஒரு நாளில் முப்பது தடவை இதைச் செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் உள்ள எல்லாரும் செய்ய வேண்டும். அப்பா ஒருவர் மட்டும் கையைக் கடிக்கக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் பட்ட பாடெல்லாம் வீண்.

மகளிடம் ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். அலறிக்கொண்டு ஓடும் பாவாடையை விடச் சிறந்த விளையாட்டுச் சாமான் குட்டிக்கு இந்த உலகத்தில் கிடையாது. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து, பனைமரம் மாதிரி நிற்கச் சொல்லிக் கொடுங்கள். குட்டி இல்லாத நேரத்தில் நீங்கள் குட்டியாக நடித்து, அவளைப் பழக்குங்கள். பெரியவர் ஒருவர் பார்வையில் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விடாதீர்கள்.

இன்னொன்று. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் பேய் பிடித்த மாதிரி ஓடி ஓடிக் கடிக்கிறதா? அநேகமாக அது தூக்கக் கலக்கம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வரை தூங்கும். குழந்தை தூக்கம் வந்தால் சிணுங்குவது மாதிரிதான் இது. மங்கலான மூலையில் படுக்கையைப் போட்டுத் தனியே விடுங்கள். பால் பற்கள் 28-ம் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும். அதுவரை ஈறு நமநமக்கும், கடிக்கத்தான் செய்யும். எதைக் கடிக்கிறது என்பதை மட்டும் நாம் மாற்றலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாள் போய்விடும். ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை பார்த்தது, கேட்டது, மிதித்ததெல்லாம் நாய்க்குப் "பழகிய உலகம்" ஆகிறது. இந்தக் காலம் தாண்டிவிட்டால் புதியது எதையும் பயத்தோடுதான் பார்க்கும். தடுப்பூசி முடியவில்லை என்று வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்காதீர்கள். கீழே விடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை போங்கள். ஆட்டோ, ஹெல்மெட் போட்ட ஆள், கம்பு ஊன்றி நடக்கும் தாத்தா, பூக்காரம்மாவின் குரல், கோயில் மேளம் என்று தினம் இரண்டு புதுசு காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணுக்குத் தீனியோடு. உங்களுக்கு மீதி இருப்பது நாலு வாரம்.

மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். பீகிள் குட்டி, மூன்று மாதம். வெளியே கூட்டிப்போனால் அரை மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் சோபாவுக்குப் பின்னால் போய் ஒன்றுக்கு இருக்கிறது. மூக்கை அதில் தேய்த்தும் பார்த்துவிட்டோம்.
- வாசகர், கோயம்புத்தூர்

தேய்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அது கற்றுக்கொண்டதைத்தான் நீங்களே எழுதியிருக்கிறீர்களே, சோபாவுக்குப் பின்னால் போகிறது என்று. வீட்டுக்குள் இருப்பது தவறு என்று அதற்குத் தோன்றவில்லை. மனுஷர் கண்ணில் படும்படி இருந்தால் வம்பு என்று மட்டும் தோன்றியிருக்கிறது. அதனால்தான் வெளியிலும் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு இருக்கப் பயப்படுகிறது.

மூன்று மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், தின்று கால் மணி நேரத்துக்குள்ளும், விளையாடி முடித்ததும் கட்டாயம் வரும். அந்த நேரங்களில் தூக்கிக்கொண்டே கீழே இறங்குங்கள். நடத்திக் கூட்டிப்போனால் படியிலேயே காரியம் முடிந்துவிடும். தினமும் ஒரே மரத்தடி, ஒரே பாதை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நில்லுங்கள், பேச வேண்டாம், நடக்கவும் வேண்டாம். வேடிக்கை பார்த்து அலுத்துப்போய் மோந்து மோந்து ஒரு சுற்றுச் சுற்றும். இருந்து முடித்த அந்த நொடியில் ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல், அங்கேயே, மரத்தடியிலேயே. மேலே வந்து பிஸ்கட் கொடுத்தால் படி ஏறியதற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். அதன் பிறகு உலா கூட்டிப்போங்கள். பல வீடுகளில் குட்டி இருந்தவுடனே "முடிஞ்சிருச்சு, வா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சீக்கிரம் இருந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று குட்டி கணக்குப் போட்டு, அடக்கி வைத்துக்கொள்ளும்.

சோபாவுக்குப் பின்னால் வாடை போகாதவரை அது கழிப்பறைதான். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள், அல்லது செல்லப் பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் திரவத்தை வாங்குங்கள். ஃபினாயில் வேண்டாம். ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், வயிற்றுக்கு ஆகாது.

தமிழில் பழக்குவதா, ஆங்கிலத்திலா? என் கணவர் "சிட்" என்கிறார், மாமியார் "உக்காரு" என்கிறார், நான் "உட்கார்ந்துக்கோடா" என்கிறேன்.
- வாசகி, திண்டுக்கல்

எந்த மொழியானாலும் சரி, ஒரு செயலுக்கு ஒரு சொல். உங்கள் நாய்க்கு இப்போது மூன்று சொற்கள், ஒரு செயல். பாவம், அது முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஒரு தாளில் ஐந்து சொல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்: உக்காரு, படு, நில்லு, விடு, வா. பாட்டிக்கு எது சுலபமோ அதையே எல்லாரும் சொல்லுங்கள்; பகலில் நாயோடு இருப்பவர் அவர்தான்.

ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். "உக்காரு, உக்காரு, உக்காருன்னு சொல்றேன்ல" என்று நீட்டினால், ஐந்தாவது தடவையில் உட்காருவதுதான் முறை என்று அது எடுத்துக்கொள்ளும். சொல்லோடு கை அசைவையும் சேருங்கள். நாய்கள் நம் பேச்சை விட நம் உடம்பைத்தான் சீக்கிரம் படிக்கின்றன.

எட்டு மாத ஜெர்மன் ஷெப்பர்ட். வீட்டுக்கு வந்து பழக்கிக் கொடுக்க ஒருவரை அமர்த்தினோம். "நீங்கதான் தலைவன்னு காட்டணும்" என்று நாயை மல்லாத்தித் தொண்டையில் கை வைத்து அழுத்துகிறார். நாய் சாப்பிடும் முன் நாங்கள் சாப்பிட வேண்டும், வாசலில் நாங்கள்தான் முதலில் நுழைய வேண்டும் என்கிறார். மூன்றாவது நாள் அவர் கையைக் கடித்துவிட்டது. நாய் கெட்டுப்போய்விட்டதா?
- வாசகர், திருச்சி

நாய் கெடவில்லை. தொண்டையில் கை வைத்து அழுத்தினால் உயிருக்குப் பயந்து எந்தப் பிராணியும் செய்வதைத்தான் அதுவும் செய்தது. அவரை நிறுத்திவிடுங்கள்.

இந்தத் "தலைவன்" கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இதை நம்பி நாயைக் கசக்குகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து 1947-ல் எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்கள் ஒரே கொட்டடியில் முட்டி மோதி, பலசாலி மேலே வருவதை அவர் பார்த்தார். பிறகு அமெரிக்காவின் டேவிட் மெக் 1970-ல் வெளியிட்ட நூல் அந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியது. அதே மெக் பல கோடைகாலம் கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999-ல் தன் பழைய கருத்தைத் தானே திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, அவர்கள் பெற்ற பிள்ளைகள். அங்கே யாரும் சண்டை போட்டுத் தலைமைக்கு வருவதில்லை. எழுதியவரே திருத்திக்கொண்ட ஒன்றை நம் ஊரில் இன்னும் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதில் எனக்குக் கோபம்தான்.

எட்டு மாதம் என்பது பதின்பருவம். தெரிந்ததையே மறந்த மாதிரி நடந்துகொள்ளும். பயம் உள்ளே போய்விட்டதால் உங்கள் கை முகத்தருகே வரும்போதெல்லாம் ஒரு துண்டு ஈரலோடு வரட்டும். இரண்டு வாரம் எந்தக் கட்டளையும் வேண்டாம். முதலில் கை நல்லது என்று அதற்குத் திரும்பவும் தோன்றட்டும். சாப்பாட்டுக்கு முன் அதுவாக உட்கார்ந்தால் கிண்ணத்தை வையுங்கள். வாசலில் அதுவாக நின்றால் கதவைத் திறவுங்கள். யார் முதலில் சாப்பிட்டால் என்ன?

கடிபட்டவர் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினாரா, ஊசி போட்டுக்கொண்டாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். வீட்டு நாய்தான், ஊசி போட்ட நாய்தான் என்று நினைத்து யாரும் இருந்துவிடக் கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்தில்லை.

14 மாதச் சிப்பிப்பாறை நாய். தோப்பில் அவிழ்த்துவிட்டால் ஆட்டையோ மயிலையோ கண்டதும் பாய்ந்துவிடும். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு மணி நேரம் கழித்து வரும்போது ரெண்டு வைத்தாலும் மறுநாள் அதே கதை.
- வாசகர், திருநெல்வேலி

அந்த "ரெண்டு வைத்தாலும்" என்பதில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது. எனக்கு இது நன்றாகத் தெரியும். நானும் வைத்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவின் நாய்களில் முத்து என்று ஒருவன். என் கையில்தான் தின்பான், என் கட்டிலுக்கடியில்தான் படுப்பான். ஒரு சாயங்காலம் யாரோ படலைத் திறந்து வைக்க, கண்மாய்ப் பக்கம் போய்விட்டான். கரை நெடுக நடந்து கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம். இருட்ட ஆரம்பித்துவிட்டது, நரி வரும் இடம், எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் கருவேலம் புதருக்குள்ளிருந்து வந்தான். உடம்பெல்லாம் சேறு, வாலைத் தாழ்த்தி ஆட்டிக்கொண்டே என் காலடிக்கு வந்தான். கையிலிருந்த தோல் வாரால் இரண்டு அடி வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "போனதுக்கு அடிச்சியா, வந்ததுக்கு அடிச்சியா? அவனுக்கு எது தெரியும்?"

மறுநாளிலிருந்து முத்து நான் கூப்பிட்டால் வருவான், ஆனால் நாலடி தள்ளி நின்றுவிடுவான். முன்னங்கால் இரண்டும் என்னைப் பார்த்து, பின்னங்கால் ஓடத் தயாராக. கையை நீட்டினால் அதே அளவுக்குப் பின்னால் நகர்வான். தினமும் சாயங்காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் ஈரலை வைத்துக்கொண்டு இருப்பேன். முதல் மூன்று வாரம் நான் தூக்கிப் போட்டதை மட்டும் தின்றான். நாலடி மூன்றடி ஆக இரண்டு மாதம். கையில் வந்து தின்ன எட்டு மாதம். இரண்டு அடிக்கு எட்டு மாதம் ஆனது. என் வகுப்பில் யாரையும் தோல் வார் கொண்டுவர நான் விடாததற்கு முத்துதான் காரணம்.

நாய் தன் கடைசிச் செயலோடுதான் கூலியையோ அடியையோ முடிச்சுப் போடும். ஓடியது ஒரு மணி நேரத்துக்கு முந்திய கதை. உங்களிடம் வந்ததுதான் கடைசிச் செயல். எவ்வளவு தாமதமாக வந்தாலும், எவ்வளவு கோபமாக இருந்தாலும், வந்தால் நல்லதுதான் கிடைக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. பழைய சொல்லை விட்டுவிடுங்கள், அது கெட்டுப்போன சொல். ஒரு விசில் வாங்குங்கள். வீட்டுக்குள் ஒரு தடவை ஊதி உடனே ஒரு துண்டு ஈரல், ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, ஒரு வாரம். மணியோசைக்கு நாய் எச்சில் ஊறுவதாகப் பள்ளியில் படித்தோமே பாவ்லவ் கதை, இது அதேதான். பிறகு முற்றத்தில், பிறகு தோப்பில். தோப்பில் பத்து மீட்டர் பருத்திக் கயிறு கட்டியிருக்க வேண்டும், கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். பாய்ந்து கயிறு இறுகினால் கழுத்து தாங்காது. பத்து தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை தீனி கொடுத்துத் "போடா" என்று திரும்ப விளையாட விடுங்கள். பெரும்பாலான வீடுகளில் கூப்பிடுவதே கட்டிப்போடவும் குளிப்பாட்டவும்தான். அதற்கெல்லாம் கூப்பிடாதீர்கள், நீங்களே நடந்து போய்க் கூட்டி வாருங்கள்.

தீனி சின்னதாக இருக்கட்டும், வேகவைத்த கொண்டைக்கடலையில் பாதி அளவு. ஆனால் வாசனை இருக்க வேண்டும். மயிலோடு போட்டி போட முடியாத பிஸ்கட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பயனில்லை.

இவ்வளவும் செய்தாலும் சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம். முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய். ஓட ஆரம்பித்தபின் காது மூடிக்கொள்ளும், அது அதன் குற்றமல்ல. வேலியில்லாத இடத்திலும் நெடுஞ்சாலை அருகிலும் ஒருபோதும் அவிழ்க்காதீர்கள்.

நடக்கப் போனால் என்னை இழுத்துக்கொண்டு போகிறது. தோள் வலிக்கிறது.
- வாசகி, சேலம்

கயிறு இறுகிய நொடியில் நின்றுவிடுங்கள். திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்தால் ஒரு துண்டு கொடுத்து நடங்கள். முதல் நாள் தெருமுனைக்குப் போகவே அரை மணி ஆகும், பரவாயில்லை. ஒரே ஒரு நாள் அவசரமென்று இழுத்த இழுப்புக்குப் போய்விட்டால், இழுத்தால் போகலாம் என்று உறுதியாகிவிடும். கயிற்றின் இந்த முனையில் நீங்களும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன் போய்வாருங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் வேகும்.

தத்தெடுத்த தெரு நாய், இரண்டு வயது. தங்கமான குணம். ஆனால் சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. "கிண்ணத்துக்குள்ள கையை விட்டுப் பழக்கு" என்கிறார்கள். உறுமினால் கண்டிக்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

உறுமலைக் கண்டிக்காதீர்கள். உறுமல் ஒரு பேச்சு: "எனக்குப் பயமாயிருக்கு, கிட்ட வராதே." அதை அடித்து நிறுத்தினால் பயம் போகாது, பேச்சு மட்டும் போகும். அப்புறம் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கிற நாயாகிவிடும். கிண்ணத்துக்குள் கை விடுவதும் அப்படியே. நீங்கள் சாப்பிடும்போது ஒருவர் தினமும் உங்கள் இலையில் கையை விட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? தெருவில் ஒரு பருக்கைக்கும் சண்டை போட்டு வளர்ந்த பிள்ளை அது.

அது உறுமாத தூரம் எதுவென்று பாருங்கள். எட்டடி என்றால் எட்டடியில் நடந்து போகிற போக்கில், வெறும் சோற்றை விட ருசியான ஒன்றை, ஒரு துண்டு முட்டையோ கோழியோ, கிண்ணத்தின் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். சில நாளில் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி, "என்ன கொண்டுவந்தே" என்று பார்க்கும். அப்போது ஏழடி. அவசரப்பட்டு மூன்றடிக்குத் தாவாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது கதவு சாத்திய அறையில்தான் சாப்பிட வேண்டும். பழகிய பிறகும்தான்.

தீபாவளி வந்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்து நடுங்குகிறது.
- வாசகி, ஈரோடு

ஒளியட்டும், வெளியே இழுக்காதீர்கள். அந்தக் கட்டிலடியையே நல்ல இடமாக்குங்கள்: பழைய போர்வை, உங்கள் உடுத்திய சேலை ஒன்று, தண்ணீர். ஜன்னலைச் சாத்தி மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிடுங்கள். உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் பயம் கூடும் என்பது பொய். அன்று உலாவை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துக் கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண்ணைக் கட்டிவிடுங்கள். மிகவும் நடுங்கும் நாய்க்கு மருந்து உண்டு. கால்நடை மருத்துவரை இரண்டு வாரம் முன்பே பாருங்கள், அன்று மாலை ஓடாதீர்கள்.

சுத்த வெள்ளை ராஜபாளையம் குட்டி, நாலு மாதம், பெண். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் வருகிறது, பல சமயம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வ வருகிறது. "இந்த இனமே திமிர் பிடித்தது" என்கிறார்கள். விற்றுவிடலாமா என்று யோசிக்கிறோம்.
- வாசகி, விருதுநகர்

அம்மா, இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விற்க வேண்டாம். முதலில் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் ஊர் நாயைப் பற்றி எனக்கு நிறையப் பெருமை உண்டு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையம் ஒன்று. அப்பா அதை வாங்கிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைத்தார். ஆனால் பெருமைக்காக உண்மையை மறைக்கக் கூடாது. பால் வெள்ளைக்காகவும் ரோஜா நிற மூக்குக்காகவும் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இணை சேர்த்ததில், இந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். தோலுக்கு நிறம் தருகிற அதே அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்பு முனைகள் பட்டுப்போகின்றன. டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான். அந்தக் காலத்தில் எங்கள் தொழுவத்திலும் "மந்தக் குட்டி" என்று ஒன்றிரண்டைத் தள்ளி வைப்பார்கள். மந்தமே இல்லை, கேட்கவில்லை. அது எனக்குப் புரிய வெகு காலம் ஆனது.

சோதிப்பது எப்படி? நன்றாகத் தூங்கும்போது, அது பார்க்காத பக்கத்தில், ஏழெட்டடி தள்ளி நின்று சாவிக் கொத்தை ஆட்டுங்கள். பக்கத்தில் கை தட்டாதீர்கள், காற்று மேலே படும். காலை உதைக்காதீர்கள், தரை அதிரும். நிழலும் விழக்கூடாது. காது மடல்கூட அசையவில்லையென்றால் வேறு வேறு நாளில், வேறு வேறு சத்தத்தில் நாலைந்து தடவை பாருங்கள். சத்தம் கேட்டு எழுந்து தவறான திசையில் தேடினால் ஒரு காது மட்டும் கேட்காமல் இருக்கலாம். "சில சமயம் வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சமயங்களா அவை என்று யோசியுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி, காதில் அழுக்கோ சீழோ இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நான் ஒரு செவிட்டு ராஜபாளையத்தை வளர்த்தேன். பவளம் என்று பெயர், மூக்கின் நிறத்துக்காக வைத்தது. பதினொரு வருடம் இருந்தாள். வகுப்புக்கு வருகிற காது கேட்கும் நாய்களை விட அவளைப் பழக்குவது சுலபமாக இருந்தது. எந்நேரமும் என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். உட்கார உள்ளங்கையை மேலே தூக்குவேன், படுக்கக் கீழே அழுத்துவேன், நிற்கப் போலீஸ்காரர் மாதிரி கை காட்டுவேன். சாயங்காலம் கொய்யா மரத்தடியில் படுத்திருப்பவளைக் கூப்பிட, திண்ணை விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவேன். எழுந்து, முதலில் முன்கால் நீட்டி ஒரு சோம்பல், அப்புறம் ஓட்டம்.

திடுக்கிட்டுக் கவ்வுவதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். ராஜபாளையம் காவலுக்குப் பிறந்த நாய், திடுக்கிடல் கடியாக மாற நேரமாகாது. தினமும் பலமுறை, விழித்திருக்கும்போது, வலது தோளில் ஒரு விரலால் மெல்லத் தொட்டு உடனே ஒரு துண்டு ஈரல் கொடுங்கள். எப்போதும் அதே தோள். அது தொட்டதும் ஆவலோடு திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, அரைத் தூக்கத்தில் செய்யுங்கள். தூங்கும்போது எழுப்ப வேண்டுமென்றால் மூக்குக்குக் கீழே ஈரலை வைத்துவிட்டுக் காத்திருங்கள், வாசனை எழுப்பும். பிள்ளைகள் தூங்கும் நாயைத் தொடவே கூடாது. படுக்கை சுவரோரமாக, ஆள் நடக்காத மூலையில் இருக்கட்டும். கழுத்துப் பட்டையில் "எனக்குக் காது கேட்காது" என்று ஒரு வில்லை. வேலிக்கு வெளியே கயிறில்லாமல் விடக் கூடாது, லாரி ஹாரன் அவளுக்கு இல்லை. அவளை இணை சேர்க்கவும் வேண்டாம். அந்தக் குறை குட்டிகளுக்கும் போகும்.

இன்று ராத்திரியே தொடங்கலாம். ஈரலை வேகவைத்து இருபது துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். அவளுக்கு எதிரே தரையில் உட்காருங்கள். மூடிய கையைப் பூப்போல ஐந்து விரலும் விரியத் திறந்து காட்டி, உடனே ஒரு துண்டு. இருபது தடவையும் வேறு எதுவும் கேட்காதீர்கள். நாளைக்கு விரல் விரியும்போதே அவள் வால் ஆடும். "சபாஷ்" என்று நாம் வாயால் சொல்வதை இனி அவளுக்கு அந்தக் கைதான் சொல்லப்போகிறது. இரண்டு வாரம் கழித்து எப்படி இருக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். குட்டிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை, அதையும்.